சும்மா இருக்கத் தெரிந்தவர்

சின்னவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. இருந்தாலும் வீட்டில் அவர் சின்னவர்தான். அவருக்கு மேலே ஓர் அக்கா இருக்கிறாள் அல்லவா, அதனால் நூறு வயது வாழ்ந்தாலும் சின்னவராகவேதான் போய்ச் சேர வேண்டும். இதை அவரே சொல்வார். தன்னைப் பற்றிப் பிறர் கேலி பேசினால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தானே பேச ஆரம்பித்தால் மட்டும் தன் மேல் துளி இரக்கம் காட்ட மாட்டார். இந்த மிளகாய் நாற்றுக் கதையையும் அப்படித்தான், கேட்காதவர்களைக்கூடப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர்கள் நாற்று வளர்க்கிற குடும்பம். தாத்தா காலத்தில் மண்ணில் பாத்தி கட்டி விதைத்தார்கள். அப்பா காலத்தில் மரப்பெட்டி. அக்கா பொறுப்புக்கு வந்த பிறகு குழிக்கு ஒரு விதை போடுகிற குழித்தட்டும் வெயிலை வடிகட்டுகிற நிழல்வலையும் வந்தன. சுற்றுவட்டாரத்தில் மிளகாயோ தக்காளியோ கத்தரியோ போடுகிறவர்கள் விதையாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நாற்றாக வாங்கிக்கொண்டு போவார்கள். பெற்ற பிள்ளையை விடுதியில் சேர்த்துவிட்டு, ஆளான பிறகு கூட்டிப்போவது மாதிரி. இந்த வீட்டு நாற்று என்றால் யாரும் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அப்படியே வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. குடும்பத்துக்கே உழைப்பு என்று ஒரு வியாதி. தாத்தா விருந்துக்குப் போன இடத்தில் இலை போட நேரமானால், அந்த வீட்டுத் தோட்டத்தில் இறங்கிக் களை பிடுங்க ஆரம்பித்துவிடுவாராம். ஒருமுறை அந்த வீட்டுக்காரர் ஆசையாய் எங்கிருந்தோ வரவழைத்து நட்டிருந்த பூச்செடியும் களையோடு போய்விட்டது, அதோடு அந்த வீட்டுச் சாப்பாடும் போயிற்று. அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, மறு கையால் ஜன்னலோரத் தொட்டியில் மண்ணைக் கிளறி நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த வீட்டில் ஒருவரை அவமானப்படுத்தக் கெட்ட வார்த்தை எதுவும் தேவையில்லை. “கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான்” என்றால் போதும், கேட்டவன் அன்றைக்குச் சாப்பிட மாட்டான்.

இப்படிப்பட்ட வம்சத்தில் வந்து பிறந்த சின்னவர், விவரம் தெரிந்த நாளிலிருந்து கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார். நிற்பது சிரமமாக இருந்தபோது உட்கார்ந்தார். படிப்பு நன்றாக வந்தது என்று ஊரார் சொல்வார்கள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை என்று இவர் சொல்வார். வாகனப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. மின்விசிறிக்கு நேர் கீழே மேசை. அந்த மேசையைப் பிடிக்க அவர் காட்டிய சுறுசுறுப்பை அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவரிடம் பார்த்ததில்லை.

அந்த மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, வேலைக் காலம் முழுக்க அவர் பேசியது விவசாயம். வண்டி நம்பர் வாங்க வந்தவர்கள் வேர் அழுகலுக்கு மருந்து கேட்டுக்கொண்டு போனார்கள். “எங்க குடும்பத்துக்கு ரத்தத்துலயே மண்ணு ஓடுது” என்று ஒருநாள் சொன்னபோது, பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்காமல், அப்படியானால் நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டுங்கள் என்றார். ஊருக்குத்தான் உபதேசம். வீட்டில் அவருடைய மனைவி மொட்டைமாடித் தொட்டிகளின் பக்கம் அவரை அண்டவிடுவதே இல்லை. முன்பு ஒரு தடவை இவர் பார்த்துக்கொண்ட கற்றாழை செத்துப்போயிருந்தது. கற்றாழையைச் சாகடிப்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும் என்பது அந்த அம்மாளின் கருத்து.

ஓய்வு பெற்றதும் சின்னவர் தினமும் காலையில் அக்காவின் பண்ணைக்கு வர ஆரம்பித்தார். அக்கா வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னாள், பத்து மணிக்கு டீ கொடுக்கச் சொன்னாள். வேலை மட்டும் கொடுக்கவில்லை. இரண்டு பெண்கள் தட்டில் தென்னை நார்த்தூள் நிரப்புவார்கள், விதை போடுவார்கள், அக்கா பூவாளியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போவாள். இவர் டீ குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பார். பிறந்த வீட்டிலேயே விருந்தாளி. வெளியில் சிரித்துக்கொண்டு திரிந்தாலும் அவருக்கு அது உள்ளுக்குள் வலித்தது. சாவதற்குள் ஒரு தடவையாவது அக்கா யாரிடமாவது “சின்னவன் பாத்துப்பான்” என்று சொல்லக் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை.

அந்த வருஷம் அக்காவுக்கு முட்டியில் அறுவைசிகிச்சை என்று முடிவானது. அநேகமாக எல்லா நாற்றும் பண்ணையை விட்டுப் போய்விட்டிருந்தது. டெய்லரம்மாவின் மிளகாய் நாற்று மட்டும் மிச்சம். டெய்லரம்மா பாதி வாழ்க்கையைத் தையல் மெஷினில் கழித்தவர். கண் மங்கி ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனதும், குத்தகைக்கு ஒரு துண்டு நிலம் பிடித்து விவசாயத்துக்கு வந்தவர். போன வருஷம் போட்டது மழையில் போயிற்று. இந்த மிளகாய் எழுந்து நின்றால்தான் அவர் நிலத்தில் நிற்க முடியும், இல்லாவிட்டால் நிலத்தை விட்டுவிட வேண்டியதுதான். பயிர் பற்றி அவருக்குத் தெரிந்ததைவிட அக்காவின் மேல் இருந்த நம்பிக்கை அதிகம்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் அக்கா சின்னவரைத் தட்டுகளின் பக்கத்தில் கூட்டிப்போய் நிறுத்தினாள். நிழலிலும் ஈரத்திலும் சொகுசாக வளர்ந்த நாற்றைக் கொண்டுபோய் நேராக வெயிலில் நட்டால் சுருண்டுவிடும், அதனால் போவதற்கு முன்னால் ஒரு வாரம் அதைக் கொஞ்சம் காயப்போட்டு வெயிலையும் காற்றையும் பழக்க வேண்டும் என்று சொன்னாள். நிழல்வலையை அவளே சுருட்டிக் கட்டியிருந்தாள்.

“மத்தியானம் இலை தொங்கும். தொங்கட்டும். சாயங்காலம் தானா நிமிர்ந்துடும். காலையிலயே தொங்கிக் கிடந்தா மட்டும் லேசா தண்ணி தெளி. மத்தபடி நீ ஒண்ணும் செய்யக் கூடாது.”

“ஒண்ணுமே செய்யக் கூடாதாக்கா?”

“ஒண்ணுமே. அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் லீவு குடுத்துட்டேன். அவங்களும் என்னை மாதிரிதான், செடி வாடினா கை சும்மா இருக்காது. ஒவ்வொரு வருஷமும் இந்த ஒரு வாரம் நானே இங்க நிக்க முடியாம வீட்டுல போய்ப் போர்வையெல்லாம் தோச்சுக்கிட்டு இருப்பேன். நம்ம குடும்பத்துல சும்மா இருக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்டா. அதான் உன்கிட்ட விட்டுட்டுப் போறேன்.”

சின்னவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை வருஷமாக எல்லோரும் குறையாகச் சொன்னதை ஒருத்தி தகுதியாகச் சொல்லிவிட்டாள். நாற்காலியைத் தட்டுகளுக்கு எதிரில் இழுத்துப் போட்டு, துண்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பதவியேற்பது போல உட்கார்ந்தார்.

முதல் நாள் மத்தியானம் இலைகள் தொங்கின. சொன்னபடிதான் தொங்கின. ஆனால் சொல்லிக் கேட்பது வேறு, எதிரில் உட்கார்ந்து பார்ப்பது வேறு. தட்டு தட்டாக, வரிசை வரிசையாக, அத்தனை நாற்றும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவரையே பார்ப்பது போல இருந்தது. குழாய் கைக்கெட்டும் தூரத்தில். பூவாளி காலடியில். இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக அது அவருக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்குப் பார்த்துத்தான் அவருக்குள் தாத்தா விழித்துக்கொண்டார். பின்னாலேயே அப்பாவும் எழுந்து வந்தார். அலுவலகத்தில் கோப்புகள் குவிந்து கிடந்தபோது இந்த இரண்டு பேரும் எங்கே போயிருந்தார்கள் என்று சின்னவர் இன்றைக்கும் கேட்கிறார். அழுத பிள்ளைக்குத்தானே பால், ஒரே ஒரு பூவாளிதானே என்று எழுந்து தெளித்தார். கொஞ்ச நேரத்தில் நாற்றுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. தன் கையால் ஓர் உயிர் நிமிர்ந்து நிற்பதை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது.

பிறகு யார் பிடித்து நிறுத்துவது? காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, கிளம்பும்போது வழியனுப்ப ஒரு தடவை தண்ணீர். வெயில் சுடுகிறதே என்று சுருட்டிக் கட்டிய நிழல்வலையை அவிழ்த்து விரித்தார். காற்று அடிக்கிறதே என்று பக்கவாட்டில் சாக்கைக் கட்டினார். அக்காவின் அலமாரியில் வளர்ச்சிக்கு என்று எழுதிய புட்டி ஒன்று இருந்தது. வளர்ச்சி நல்லதுதானே என்று அதையும் கலந்து ஊற்றினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி, கல்யாணமான நாளிலிருந்து உங்களுக்கு வேர்த்து நான் பார்த்ததில்லையே, உடம்புக்கு ஏதாவதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் போன் செய்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டாள். சும்மாதான் இருக்கிறேன் என்றார் இவர். நல்ல பிள்ளை என்றாள் அவள். பொய்தான், ஆனால் சின்னவருக்கு அது பொய்யாகப் படவில்லை. அக்கா திரும்பி வந்து பார்த்து அசந்துபோகப் போகிறாள், அதற்குள் எதற்கு ரகசியத்தை உடைக்க வேண்டும் என்று வைத்திருந்தார். நாற்றும் அவரை ஏமாற்றவில்லை. பச்சைப்பசேல் என்று, அக்கா வளர்த்ததைவிட நாலு விரல் உயரமாக, தளதளவென்று நின்றது.

டெய்லரம்மா வண்டியோடு வந்து இறங்கினார். நிலம் உழுது தயாராக இருக்கிறது, மறுநாள் நடவுக்கு ஆள் சொல்லியாயிற்று என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர் தட்டுகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஓர இலையை, பட்டுத்துணியைத் தொடுகிற மாதிரி இரண்டு விரலால் தொட்டார்.

“உங்கப்பா கையி ராசியான கையின்னு சொல்லுவாங்க. அந்தக் கையி அப்படியே உங்களுக்கு வந்திருக்குண்ணே.”

சின்னவர் இந்த வார்த்தைக்காகப் பிறந்ததிலிருந்து காத்திருந்தார் என்றே சொல்லலாம். தலை கால் புரியவில்லை. வண்டிக்காரரைக் கூப்பிடாமல் முதல் தட்டைத் தானே தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் நின்ற வண்டியில் வைத்தார். டெய்லரம்மா மற்ற தட்டுகளை வாசலுக்கு எடுத்துவைக்க உள்ளே போனார்.

தெருவில் நல்ல வெயில். பெரிதாகச் சொல்லும்படி காற்றுகூட இல்லை, ஒரு லாரி கடந்து போனது, அவ்வளவுதான். தட்டில் இருந்த நாற்று முழுவதும் ஒரே பக்கமாகப் படுத்துவிட்டது. அவர் ஒன்றைத் தூக்கி நிறுத்தினார், விட்டதும் விழுந்தது. தண்டைக் கிள்ளிப் பார்த்தார், வெறும் தண்ணீர். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலை நுனிகள் சுருள ஆரம்பித்தன. நிழலிலேயே வளர்ந்து, பார்வைக்கு லட்சணமாக இருந்து, வெயிலைக் கண்டதும் படுத்துக்கொள்கிற பிறவி. அது யாருடைய சாயல் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரமாக அவர் தன்னைத்தான் தட்டுத் தட்டாக வளர்த்திருக்கிறார்.

அப்போது அவருக்கு வந்த யோசனையையும் அவர் மறைப்பதில்லை. மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடி அனுப்பிவிடலாம். நட்ட இரண்டாம் நாள் செத்துப்போனால் டெய்லரம்மா வெயிலைத் திட்டுவார், அல்லது அனுபவம் போதாது என்று தன்னையே திட்டிக்கொள்வார். அப்பாவின் கை இவருக்கு வந்துவிட்டது என்ற பேச்சு மட்டும் நிலைத்துவிடும். இந்த யோசனை அவர் மனதில் கொஞ்ச நேரம் நன்றாகவே உட்கார்ந்திருந்தது. டெய்லரம்மா அடுத்த தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, கைப்பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி, வெயில் படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு வந்தார். சின்னவர் வண்டியின் குறுக்கே போய் நின்றார்.

“இதை எடுத்துட்டுப் போகாதீங்கம்மா.”

“ஏண்ணே?”

“இது எங்கப்பா கை இல்ல. எங்கக்கா ஒண்ணும் செய்யாம இருன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் தண்ணிய ஊத்தி ஊத்திக் கெடுத்துட்டேன். நட்டா ஒண்ணுகூட நிக்காது.”

டெய்லரம்மா வண்டியில் படுத்துக் கிடந்த நாற்றைப் பார்த்தார். திட்டியிருந்தால் சின்னவர் வாங்கிக்கொண்டிருப்பார். அவர் திட்டவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு வண்டியின் விளிம்பில் உட்கார்ந்து, மறுபடி விதை போட்டு நாற்றாகி வருவதற்குள் பருவம் போய்விடுமே என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். ஒரு வாரம் கொடுங்கள் என்றார் சின்னவர். அந்த அம்மா எழுந்து முந்தானையை உதறினார். வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்.

சின்னவர் அக்காவுக்குப் போன் செய்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையை முழுசாகச் சொல்லி முடித்தார்.

“சோம்பேறின்னு நம்பித்தானேடா உன்கிட்ட விட்டேன்” என்றாள் அக்கா.

பிறகு அவளே கேட்டாள், டெய்லரம்மாவே கண்டுபிடித்தாளா அல்லது நீயே சொன்னாயா என்று. நானேதான் சொன்னேன் என்றார். சரி, காதைத் திறந்து வைத்துக் கேள் என்று ஆரம்பித்தாள். ஒரேயடியாக வெயிலில் போட்டால் எல்லாம் போய்விடும், முதலில் காலை வெயில் மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மத்தியானம் வரை. சாக்கைக் கழற்று, காற்று படட்டும். தண்ணீரைப் பாதியாக்கு, பிறகு அதிலும் பாதி. போகிறது போகும், இருக்கிறதைப் பார்.

அந்த ஒரு வாரம் சின்னவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். தினமும் காலையில் அளவாகத் தண்ணீர் தெளித்ததும் குழாயின் திருகைக் கழற்றி மனைவியிடம் கொடுத்து, மறுநாள் வரை நான் அழுதாலும் தராதே என்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. காலித் தட்டுகளையெல்லாம் தேய்த்துக் கழுவினார். கதவின் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். கொட்டகைக்குப் பின்னால், யாருக்கும் தேவைப்படாத இடத்தில், ஒரு வாய்க்கால் வெட்டினார். மத்தியானம் இலை தொங்குகிற நேரத்தில் தெருவுக்குப் போய்ப் பண்ணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தெருவில் போனவர்கள் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சாயங்காலத்துக்காக என்று அவருக்குச் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

எல்லாம் பிழைத்துவிடவில்லை. சில தட்டுகள் முழுசாகப் போயின. டெய்லரம்மாவின் நிலத்தில் ஓரத்து வரிசைகள் அந்த வருஷம் வெறுமையாகத்தான் கிடக்கும் என்று சின்னவருக்குத் தெரிந்தது. அந்தத் தட்டுகளைக் கவிழ்த்துக் கொட்டும்போது அவர் அழுதார், பக்கத்தில் யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதார். மிச்சம் இருந்தவற்றின் அழகெல்லாம் போய்விட்டது. இலை சிறுத்து, தடித்து, கரும்பச்சையானது. தண்டில் கருநீலம் ஏறியது. பார்த்தால் யாருக்கும் பாராட்டத் தோன்றாது.

சொன்ன நாளில் டெய்லரம்மா வந்தார். இந்தத் தடவை பட்டுத்துணியைத் தொடுகிற மாதிரியெல்லாம் தொடவில்லை. ஒரு தட்டை எடுத்துக் குலுக்கினார். சாய்த்தார். ஒரு நாற்றைக் குழியிலிருந்து உருவித் தண்டை விரலில் வளைத்துப் பார்த்தார், அது வளைய மறுத்தது. தெருவுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். சின்னவர் வாசலைத் தாண்டவில்லை. வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நாற்று நின்றுகொண்டிருந்தது.

டெய்லரம்மா திரும்பி வந்து கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

“அக்கா வந்துட்டாங்களாண்ணே?”

“இல்லம்மா. இன்னும் நடக்கப் பழகிட்டுத்தான் இருக்காங்க.”

“அப்ப இதையெல்லாம் யாரு பாத்துக்கிட்டாங்க?”

சொல்லிக்கொள்ள சின்னவரிடம் நிறைய இருந்தது. தாத்தா இருந்தார், அப்பா இருந்தார், ரத்தத்தில் ஓடுகிற மண் இருந்தது. வாயைத் திறந்தால் எல்லாம் வரும்.

“யாரும் பாத்துக்கலம்மா” என்றார். “அதனாலதான் நல்லா இருக்கு.”

டெய்லரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கீழே இருந்த தட்டைத் தூக்கி அவர் கையில் கொடுத்து, “மீதியையும் நீங்களே ஏத்திடுங்கண்ணே, நான் போய் நடவு ஆளைக் கூட்டிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.